தக்காளி விலை ஏறினால் ரெப்போவும் ஏறுமா?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குப் போட்டு விற்றது. ரிசர்வ் வங்கியோ ஆகஸ்ட் 10 அன்று ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, தொடாமல் 6.50 சதவீதத்திலேயே விட்டது. விலைவாசியை அடக்குவதுதானே அதன் வேலை, ஏன் சும்மா இருந்தது?

பணவீக்க இலக்கு 4%. மேலே கீழே 2 புள்ளி வரை போகலாம். முடிவெடுப்பது ஆறு பேர் குழு: ரிசர்வ் வங்கிக்காரர்கள் மூவர், மத்திய அரசு நியமிக்கும் வெளியாட்கள் மூவர். ஓட்டு சமமாகப் பிரிந்தால் கவர்னருக்கு இன்னொரு ஓட்டு.

அன்று அவர்கள் கையில் இருந்த கடைசி அதிகாரபூர்வ பணவீக்க எண் ஜூன் மாதத்தது, 4.81%. ஜூலை எண் வெளிவந்ததோ ஆகஸ்ட் 14-ல், கூட்டம் முடிந்த பிறகு. இப்படித்தான் எப்போதும், கண்ணாடியில் பின்பக்கம் பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டும் வேலை. அந்த இடைவெளியை நிரப்புவது நுகர்வோர் விவகாரத் துறை தினமும் திரட்டும் அரிசி, பருப்பு, வெங்காயம், தக்காளி விலைகள். அதை வைத்து ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கான கணிப்பை 5.2-லிருந்து 6.2 சதவீதமாக ஒரே தாவலில் உயர்த்தினார்கள். நான்கு நாள் கழித்து வந்த ஜூலை எண் 7.44%.

அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காய்கறி விலை ஓராண்டில் 37.34% ஏறியிருந்தது. பணவீக்கத்தை அளக்கும் அப்போதைய நுகர்வோர் விலைக் குறியீட்டில் காய்கறியின் எடை நூற்றுக்கு 6.04 மட்டுமே. இரண்டையும் பெருக்கினால், 7.44-ல் 2 புள்ளிக்கு மேல் காய்கறி மட்டுமே கொண்டுவந்தது என்று தெரியும். தக்காளி நாற்று நட்டால் இரண்டு மூன்று மாதத்தில் சந்தைக்கு வந்துவிடும். வட்டியை ஏற்றினால் அதன் பலன் தெரியப் பல காலாண்டுகள் ஆகும். கடன் விலை ஏறும்போது தக்காளி விலை ஏற்கெனவே இறங்கியிருக்கும். ஆகஸ்டில் 6.83, செப்டம்பரில் 5.02 என்று அப்படியே இறங்கியது.

குழு உண்மையில் பயப்படுவது விலையேற்றம் மற்ற இடங்களுக்குப் பரவுவதை. அதற்கு உணவையும் எரிபொருளையும் கழித்த பணவீக்கத்தைப் பார்ப்பார்கள். 2023 ஜனவரியிலிருந்து அது ஒரு புள்ளிக்கு மேல் குறைந்திருந்தது. கூடவே வீடுகளில் நடத்தும் கருத்துக்கணிப்பும் உண்டு: அடுத்த மூன்று மாதத்தில், ஓராண்டில் விலை எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். மக்கள் சொல்லும் எண் வழக்கமாக அரசு எண்ணைவிட அதிகம்தான். அளவை விடுங்கள், திசை முக்கியம். அது ஏறத் தொடங்கினால் கூலியும் ஓட்டல் இட்லி விலையும் பின்னாலேயே ஏறும். ஏறியவை தக்காளி மாதிரி இறங்காது.

ஆனால் இந்த வாதத்தை எல்லா நேரமும் ஓட்ட முடியாது. 2022-ல் பணவீக்கம் தொடர்ந்து மூன்று காலாண்டுகள் 6 சதவீதத்துக்கு மேல் நின்றதால், ஏன் தவறினோம் என்று சட்டப்படி அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டிவந்தது. அந்த ஆண்டு மே 4 அன்று, அட்டவணையில் இல்லாத கூட்டம் போட்டு ரெப்போவை 0.40 புள்ளி ஏற்றியதே தாமதமாக விழித்ததன் அடையாளம் என்பது என் கணிப்பு. குறியீட்டில் 46% அளவுக்கு உணவு இருந்த நாட்டில், உணவு விலையை 'தற்காலிகம்' என்று எத்தனை முறை ஒதுக்குவது?

ரெப்போ மாறவில்லை என்ற தலைப்புச் செய்தியோடு நிறுத்தியவர்கள் ஆகஸ்ட் 10-ன் இன்னொரு முடிவைக் கவனித்திருக்க மாட்டார்கள். 2000 ரூபாய் நோட்டுகள் வங்கிகளுக்குத் திரும்பியதால் வங்கிகளிடம் உபரிப் பணம் மிதந்தது. அதை விட்டால் வங்கிகளுக்கு இடையிலான ஓரிரவுக் கடன் வட்டி சரியும், 6.50 என்பது பெயரளவில்தான் இருக்கும். ஆகவே மே 19 முதல் ஜூலை 28 வரை கூடிய டெபாசிட்டில் 10 சதவீதத்தை வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கூடுதல் ரொக்கக் கையிருப்பாக வைக்கச் சொன்னார்கள். ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல் இப்படி உறிஞ்சப்பட்டது. பண்டிகைக் கால கடன் தேவைக்கு முன்னதாக, செப்டம்பர் 9-ல் கால் பங்கு, 23-ல் கால் பங்கு, அக்டோபர் 7-ல் மீதி என்று திருப்பிக் கொடுத்தார்கள்.