நார்க்கழிவு பார்த்த வேலை

போன ஆடிப்பட்டத்தில் மாடியில் 22 பைகளில் கத்தரி, தக்காளி, மிளகாய் நாற்று நட்டேன். ஆடிப்பெருக்கு முடிந்து இரண்டு வாரத்தில் எல்லாச் செடிக்கும் அடியிலைகள் மஞ்சளாகிவிட்டன. கத்தரி நட்ட உயரத்திலேயே நின்றது. கடையில் வாங்கிய மண்கலவை என்றால் கடைக்காரரைத் திட்டியிருக்கலாம். இது நானே கலந்தது.

உயிருள்ள மண் செய்கிறேன் என்று இரண்டு மாதமாக வீட்டில் பீற்றிக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரம் தோண்டிப் போட்ட செம்மண் 6 மூட்டை, தொழுவுரம் 4 மூட்டை, மண்புழு உரம் 2 மூட்டை, வேப்பம் புண்ணாக்கு, சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா விரிடி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகிய நுண்ணுயிர்ப் பொடிகள் என்று பட்டியலில் ஒன்று விடவில்லை. போதாததற்கு தென்னை நார்க்கழிவு, அதாவது கயிற்றுக்கு நார் எடுக்கும்போது மட்டையிலிருந்து உதிரும் பொடி, 8 மூட்டை. மனைவியின் ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அங்கே கயிறு மில்லுக்கு வெளியே மலையாகக் குவிந்து கிடக்கும், வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளலாம். செங்கல் நிறத்தில், புத்தம் புதிதாக, பஞ்சு மாதிரி இருந்தது. இலவசம் வேறு. காற்றோட்டத்துக்கு நல்லது, மாடிக்குப் பாரமும் குறையும் என்று அப்படியே கொட்டிக் கலந்தேன். மண் கூட்டில் அதை ஒரு பொருளாகவே நான் நினைக்கவில்லை, சும்மா இடத்தை நிரப்ப என்றுதான் எண்ணம்.

மஞ்சள் தட்டியதும் சத்துப் போதவில்லை என்று முடிவு கட்டினேன். கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோவை மூன்று நாள் ஊறவைத்து ஊற்றினேன். ஒரு வாரம் பார்த்தேன், அசையவில்லை. பஞ்சகவ்யா ஊற்றினேன். பத்து லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்பது கணக்கு, நான் கணக்குப் பார்க்கவில்லை. அப்புறம் சாணக் கரைசலான ஜீவாமிர்தம். அதற்கும் அசையாததால் மறுபடி புண்ணாக்கு. பைகளில் இருந்து கொசு மாதிரி சின்னக் கறுப்பு ஈக்கள் கிளம்பின. ஒருநாள் காலை துணி காயப்போட ஏறிய மனைவி கீழே வந்து, "ஏனுங்க, மாடில எலி எதாவது செத்துக் கிடக்குதான்னு பாருங்க" என்றாள். எலியெல்லாம் இல்லை, என் உயிர்மண்தான்.

அந்த வாரம் அத்தை ஊரிலிருந்து வந்திருந்தார். என் மாமியார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மாடிக்கு வந்து ஒரு பையில் மணிக்கட்டு வரை கையை விட்டார். எடுத்து முகர்ந்து பார்த்தார். "வெதுவெதுன்னு இருக்குதுங்க மாப்பிள்ளை. புளிச்ச வாடை வேற. முன்ன போட்டதே செரிக்கல, அதுக்குள்ள மேல மேல போட்டா அது என்ன பண்ணும்?" என்றார். அப்புறம் விரலில் ஒட்டிய செந்நிறத் துகளைக் காட்டி, "மில்லுப் பொடிய அப்படியே போட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றதற்கு ஒன்றும் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். மக்காத நார்க்கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிமம் நூறு பங்குக்கு மேல். நான் காசு கொடுத்து வாங்கி விட்ட நுண்ணுயிர்கள் அந்தக் கரிமத்தைத் தின்னப் பெருகும். பெருகுவதற்குத் தழைச்சத்து வேண்டும், அதை மண்ணில் இருந்து செடிக்கு முந்தி எடுத்துக்கொள்ளும். செடி பழைய இலையில் வைத்திருக்கும் சத்தை உருவிப் புது இலைக்கு அனுப்பும். அதனால்தான் அடியிலை முதலில் மஞ்சளாகிறது. சரி, புண்ணாக்கு ஊற்றினால் அந்தக் குறை தீர வேண்டாமா? நிதானமாகக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கலாம். நான் ஊற்றிய அளவுக்குப் பை சூடேறியது, அடியில் காற்றில்லாமல் புளித்தது, வேர் வெந்தது. ஈரமும் அழுகலும் கிடைத்தால் அந்தக் கறுப்பு ஈக்களுக்கு வேறென்ன வேண்டும்.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் நார்க்கழிவைச் சிப்பிக்காளான் விதையும் யூரியாவும் அடுக்கடுக்காகப் போட்டு இரண்டு மாதம் மக்கவைக்கிறார்கள். நிறம் கறுத்து, தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிமம் கிட்டத்தட்ட 24 பங்கு என்று இறங்கிவிடும். நான் யூரியாவுக்குப் பதில் பச்சைச் சாணமும் கோமியமும் வைத்துக்கொண்டேன், நாள் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும்.

இன்னொரு சந்தேகமும் வந்தது, உப்பு. ஆர்ஓ மிஷின்காரர் கொடுத்த டிடிஎஸ் மீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுவது, வீட்டில் சும்மா கிடந்தது. மிச்சமிருந்த நார்க்கழிவு ஒரு டம்ளர், ஆர்ஓ தண்ணீர் ஐந்து டம்ளர், கலக்கி அரைமணி நேரம் விட்டு வடிகட்டிப் பார்த்தால் 900 சொச்சம். மூன்று தண்ணீர் அலசிய பிறகு 240. ஆனால் வெறும் தண்ணீரில் போவது தளர்வாக இருக்கும் உப்பு மட்டுமே. துகளோடு ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் கால்சியம் வந்து தள்ளினால்தான் இடம் விடும். பெரிய நர்சரிக்காரர்கள் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைப்பார்கள். நான் அந்த மிச்சத்தைக் கால்சியம் உள்ள ஜிப்சம் கரைத்த தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து மறுபடி அலசினேன்.

22 பையையும் தார்ப்பாயில் கொட்டினேன். இடுப்பு இரண்டு நாள் பேசவில்லை. கட்டியை உடைத்து, ஒரு மூட்டை பழைய தொழுவுரம் சேர்த்து, குவித்து, ஈரச்சாக்கு போட்டு மூடினேன். வேறு எதையும் ஊற்றக்கூடாது என்று அத்தை சத்தியம் வாங்காத குறை. குவியலுக்கு நடுவில் ஒரு கம்பியைச் சொருகச் சொன்னார். அதுதான் எங்கள் தெர்மாமீட்டர். கால்மணி நேரம் கழித்து உருவி உள்ளங்கையில் வைக்க வேண்டும். முதல் வாரம் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. வாரம் ஒருமுறை புரட்டினேன், புரட்டும்போதெல்லாம் மீண்டும் சூடேறித் தணிந்தது. ஆறாவது வாரம் புரட்டியும் சூடு வரவில்லை. புளித்த வாடை போய், கோடைமழை முதல் தூறலுக்கு எழும்புமே, அந்த வாசம் வந்தது. ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்கிறது, விரலிடுக்கில் ஒரு சொட்டு கசிகிறது, கட்டைவிரலால் தொட்டால் உதிர்கிறது. தண்ணீர் ஒழுகினால் ஈரம் அதிகம், உருண்டையே பிடிக்காவிட்டால் காய்ந்துவிட்டது.

அப்படியும் நம்பவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அந்த மண்ணைப் போட்டுப் பத்துத் தட்டைப்பயறு ஊன்றினேன். ஒன்பது முளைத்தன, முதல் இலை பச்சையாக விரிந்தது. முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு சிரட்டையோடு போயிருக்கும், ஒரு பட்டமே போயிருக்காது.

குவியலைச் சலிக்கும்போது கட்டைவிரல் தடிமனில், 'C' மாதிரிச் சுருண்ட வெள்ளைப்புழுக்கள் பதினொன்று கிடைத்தன. தொழுவுரத்தோடு வந்த வண்டுப்புழுக்கள், இவற்றில் வேரைத் தின்னும் வகையும் உண்டு. பொறுக்கிப் போட்டதும் மைனாக்கள் ஒரு நிமிடத்தில் காலி செய்துவிட்டன.

கார்த்திகையில் நட்டவை நன்றாகவே வந்தன, மூன்று தக்காளியைத் தவிர. அவற்றில் மஞ்சள் உச்சியில் தொடங்கியது. இளம் இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோலம் போட்ட மாதிரி. பழைய பயத்தில் புண்ணாக்கு டப்பாவைத் தேடிப் போய், பாதியில் நின்றேன். அடியிலை நன்றாக இருக்கிறதே? அந்த மூன்று பையும் போர்வெல் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பவை, சோம்பேறித்தனத்தில் அந்தத் தண்ணீரையே விட்டுவந்திருக்கிறேன். மண்ணின் மேல் சுண்ணாம்பு பூத்திருந்தது. அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரால் மண்ணின் காரம் ஏறினால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. குடிக்க வரும் சிறுவாணித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால் வீட்டில் கலவரம் வெடிக்கும். ட்ரம்மில் பிடித்து வைத்த மழைத்தண்ணீருக்கு மாறினேன். வெளிறிய இலைகள் அப்படியேதான் இருந்தன, அடுத்து வந்த தளிர் பச்சையாக வந்தது.

இப்போது அடுத்த குவியல் மாடி மூலையில் சாக்குக்குள் இருக்கிறது. செம்மண் 3 சட்டி, தொழுவுரம் 2, கறுத்து மக்கிய நார்க்கழிவு 2, மண்புழு உரம் 1, இந்த எட்டுச் சட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ. டிரைக்கோடெர்மாவைத் தனியாக ஒரு சட்டி எருவில் கலந்து, நிழலில் ஈரம் காயாமல் இரண்டு வாரம் வைத்திருக்கிறேன், சூடு முழுதும் தணிந்த பிறகுதான் குவியலில் சேர்ப்பேன். கத்தரி நாற்று குழித்தட்டில் ஐந்திலை விட்டு, வேர் அடியில் எட்டிப் பார்க்கிறது. நேற்று அத்தையிடம் போனில், கம்பி லேசாகத்தான் சுடுகிறது, நட்டுவிடலாமா என்று கேட்டேன்.

"லேசான்னா எவ்வளவுங்க மாப்பிள்ளை?"

"காப்பி டம்ளர் ஆறின மாதிரிங்க அத்தை."

"இன்னும் ஒரு வாரம் போகட்டுங்க."