விண்டோஸில் எக்ஸ்265, எஃப்எஃப்எம்பெக் கம்பைல்: எங்கெங்கே சறுக்கும்

எஃப்எஃப்எம்பெக் என்பது வீடியோ, ஆடியோ கோப்புகளை மாற்றும் நிரல்; எக்ஸ்264, எக்ஸ்265 இரண்டும் அது பயன்படுத்தும் வீடியோ என்கோடர் லைப்ரரிகள். இவற்றை விண்டோஸில் சோர்ஸிலிருந்து கட்டும்போது (கம்பைல் செய்யும்போது) வரும் எரர்களில் பல சி கோடோடு சம்பந்தமே இல்லாதவை. பல சமயம் தப்பான டெர்மினலைத் திறந்ததுதான் காரணமாக இருக்கும்.

விண்டோஸில் கம்பைலரும் லினக்ஸ் பாணிக் கருவிகளும் தரும் எம்எஸ்ஒய்எஸ்2-ஐ நிறுவியதும் ஸ்டார்ட் மெனுவில் பல ஐகான்கள் வரும். திறக்க வேண்டியது யுசிஆர்டி64. வெறும் எம்எஸ்ஒய்எஸ் என்றிருப்பதற்குள் உள்ள ஜிசிசி கம்பைலரில் கட்டிய இஎக்ஸ்இ, எம்எஸ்ஒய்எஸ்-2.0 டிஎல்எல் இல்லாத கணினியில் ஓடாது. மிங்டபிள்யூ64-இலும் கட்டலாம், ஆனால் அது எம்எஸ்விசிஆர்டி என்ற பழைய சி ரன்டைம் லைப்ரரியைச் சார்ந்தது. ஒன்றில் கட்டிய லைப்ரரியை இன்னொன்றில் கலக்கக் கூடாது.

முதல் வேலை, எம்எஸ்ஒய்எஸ்2-இன் பேக்கேஜ் நிறுவியான பேக்மேனால் அப்டேட் செய்வது. நடுவில் விண்டோவை மூடச் சொன்னால் மூடிவிட்டு, அதே கட்டளையை மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு டூல்செயின் (கம்பைலர் தொகுப்பு), நாஸ்ம் (அசெம்ப்ளர்), சிமேக், நிஞ்சா, மேக் (பில்ட் கருவிகள்), பிகேஜிகான்ஃப் (லைப்ரரிகளைத் தேடித் தரும் பிகேஜி-கான்ஃபிக் கருவி), டிஃப்யூட்டில்ஸ், கிட் ஆகியவற்றை நிறுவ வேண்டும். கிட்டை எம்எஸ்ஒய்எஸ்2-க்குள்ளேயே போடுங்கள். விண்டோஸுக்கான தனி கிட், ஆட்டோசிஆர்எல்எஃப் (வரிமுடிவுகளை விண்டோஸ் பாணிக்கு மாற்றும் அமைப்பு) இயங்கும் நிலையில் குளோன் செய்தால் வரிமுடிவுகள் மாறி, கன்ஃபிகர் ஸ்கிரிப்ட் முதல் வரிகளிலேயே உளறும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியும் வேண்டாம்.

எக்ஸ்264 சாது. நாஸ்ம் 2.13-க்குக் குறைவாக இருந்தால் நேராகச் சொல்லி நின்றுவிடும். எக்ஸ்265 அப்படியல்ல. நாஸ்ம் கிடைக்காவிட்டாலும் சிமேக் ஒரு சின்ன வரியைக் காட்டிவிட்டுத் தொடரும். அசெம்ப்ளி (வேகத்துக்காகச் சிபியு அளவில் எழுதிய கோடு) இல்லாமலே எல்லாம் கட்டி முடியும், என்கோடிங் மட்டும் ஆமை வேகத்தில் நகரும். ஓட்டும்போது சிபியு கேப்பபிலிட்டிஸ் என்ற வரியில் 'none' (எதுவுமில்லை) என்றிருந்தால் இதுதான் கோளாறு. நாஸ்மைப் போட்டபின் பில்ட் ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுத் தொடங்குங்கள். சிமேக் கேஷ் பழைய விடையையே பிடித்து வைத்திருக்கும்.

சிமேக்கிடம் காட்ட வேண்டியது ரெப்போவின் மேல்தளத்தை அல்ல, உள்ளிருக்கும் சோர்ஸ் ஃபோல்டரை. 8, 10, 12 பிட் மூன்றும் ஒரே லைப்ரரியில் வேண்டுமென்றால் மூன்று முறை கட்ட வேண்டும். 10-க்கும் 12-க்கும் ஹை பிட் டெப்த் ஆன், எக்ஸ்போர்ட் சி ஏபிஐ (வெளியே தெரியும் பொதுப் பெயர்கள்) ஆஃப். 12-க்கு மெயின்12 என்ற ஆப்ஷனும் ஆன். கடைசியில் 8 பிட்டைக் கட்டும்போது மற்ற இரண்டையும் எக்ஸ்ட்ரா லிப்பாகக் கொடுக்க வேண்டும். எக்ஸ்போர்ட்டை அணைக்க மறந்தால் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வந்து லிங்க்கர் சண்டை போடும்.

எஃப்எஃப்எம்பெக் கன்ஃபிகரில் ஜிபிஎல், லிப்எக்ஸ்264, லிப்எக்ஸ்265 மூன்றையும் எனேபிள் செய்து, பிகேஜி-கான்ஃபிக் ஃப்ளாகில் ஸ்டேட்டிக்கும் சேர்க்க வேண்டும். 'எக்ஸ்265 நாட் ஃபவுண்ட்' என்ற எரரை அப்படியே நம்பாதீர்கள். லைப்ரரி இருந்தும், சோதனை நிரல் லிங்க் ஆகாவிட்டால் இதே வரிதான் வரும். எஃப்எஃப்பில்ட் ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக் லாகின் கடைசி 20 வரிகளைப் பாருங்கள். சி++ லைப்ரரி விடுபட்டிருக்கலாம், அல்லது எக்ஸ்265-இன் .pc கோப்பில் (பிகேஜி-கான்ஃபிக் படிக்கும் கோப்பு) ஸ்டேட்டிக்கில் சேராத ஜிசிசி_எஸ் லைப்ரரி ஒட்டிக்கொண்டிருக்கலாம். கையால் திருத்தினால் போதும்.

முடிந்ததும் எல்டிடி (இஎக்ஸ்இ எந்த டிஎல்எல்களைத் தேடுகிறது என்று காட்டும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். விண்டோஸின் சொந்த டிஎல்எல்களைத் தவிர யுசிஆர்டி64 ஃபோல்டரிலிருந்து எதுவும் வந்தால், அந்த இஎக்ஸ்இயைப் பக்கத்து கணினிக்குத் தூக்கிப் போக முடியாது. எஃப்டிகே-ஏஏசி என்ற ஆடியோ என்கோடரை ஜிபிஎல் உரிமக் கோடோடு சேர்த்துக் கட்டியிருந்தால் யாருக்கும் கொடுக்கவே கூடாது, உரிமம் அனுமதிக்காது.