ஆலை மூடும்போது கணக்கு முடிப்பது

ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரகடம் பகுதியில் 2022இல் எங்கள் உதிரிபாக ஆலை மூடப்பட்டபோது முதலில் நீட்டப்பட்ட தாள் அதுதான். தானாக விலகியவருக்கு மூடல் இழப்பீடு கிடையாது. இ.எஸ்.ஐ. தரும் வேலையின்மைப் படியும் கிடையாது. அந்தப் படி சிறியதல்ல: 2 வருடம் சந்தா கட்டியவருக்கு முதல் 12 மாதம் பாதிச் சம்பளம், அடுத்த 12 மாதம் கால் பங்கு, அதோடு மருத்துவ வசதியும்.

செட்டில்மென்ட் தாளில் மொத்தத் தொகையை ஏற்காமல், ஒவ்வொன்றையும் தனி வரியாகக் கேளுங்கள். கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) மூடல் இழப்பீடும் இரண்டுமே 'வருடத்துக்கு 15 நாள்' என்பதால் ஒன்றைக் கொடுத்து இரண்டையும் முடித்ததாகக் காட்டுவார்கள். கணக்கும் வேறு. பேஸிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 13,000, மொத்தச் சம்பளத்தின் மூன்று மாதச் சராசரி 20,000, சர்வீஸ் 7 வருடம் 8 மாதம் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் போனதால் 8 வருடம். கிராஜுவிட்டிக்கு 13,000ஐ 26ஆல் வகுத்து, 15 நாளாலும் 8 வருடத்தாலும் பெருக்க வேண்டும்: 60,000. இழப்பீட்டுக்கு 20,000ஐ 30ஆல் வகுத்து அதேபோல் பெருக்க வேண்டும்: 80,000. இழப்பீட்டையும் பேஸிக்கில் போட்டால் பெரிய தொகை போய்விடும். இது 2022இல் இருந்த கிராஜுவிட்டி சட்டம், தொழில் தகராறுகள் சட்டம் இரண்டின்படியான கணக்கு. 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் சம்பளத்தின் வரையறை மாறியிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

15 நாள் என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான். 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு கார் ஆலைத் தொழிலாளர்களுக்குப் பேச்சுவார்த்தையில் வருடத்துக்கு 100 நாளுக்கு மேல் கிடைத்தது. ஒப்பந்தத்தைத் தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் போடுவது நல்லது; பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் அதை 12(3) ஒப்பந்தம் என்பார்கள். அதிகாரி இல்லாமல் நேரடியாகப் போட்டால் (அப்போது 18(1)) கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும்.

பலர் மாட்டிக்கொண்டது பி.எஃப்.பில். ஆதாரில் ஒரு இனிஷியல், பி.எஃப். கணக்கில் வேறு, பிறந்த தேதியில் ஒரு வருட வித்தியாசம். பழைய கணக்குகளில் திருத்த நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். எச்.ஆர். ஆட்கள் போனபின் அதை வாங்குவது பெரும்பாடு, ஆகவே மூடல் பேச்சு எழுந்த வாரமே சரிபாருங்கள். விலகிய தேதி பதிவாகாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் கழித்து பி.எஃப்.பின் யு.ஏ.என். (உறுப்பினர் எண்) தளத்தில் நீங்களே பதியலாம். பென்ஷன் சர்வீஸ் 10 வருடத்துக்குக் குறைவாக இருந்து வேறு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் 10சி படிவத்தில் பென்ஷன் பணத்தை எடுக்காமல் ஸ்கீம் சர்டிஃபிகேட் (சர்வீஸ் சான்று) கேளுங்கள். பழைய சர்வீஸ் புதிய கம்பெனியில் சேர்ந்துகொள்ளும்.

கிராஜுவிட்டி 30 நாளில் வந்தாக வேண்டும். தாமதமானால் வட்டியும் சேர்த்துத் தொழிலாளர் துறையின் கிராஜுவிட்டி அதிகாரியிடம் மனு கொடுங்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பணி நியமனக் கடிதம், மூடல் நோட்டீஸ் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும்.