ஓட்டிவிட்ட ஒரு நிமிடம்

மடிக்கணினியில் வலப்பக்க அம்புக்குறியை ஆறு முறை தட்டினேன். ஒரு தட்டுக்குப் பத்து விநாடி. நான் செய்தது அவ்வளவுதான்.

ஒன்பதாம் வகுப்புக்குச் சனிக்கிழமைப் படம், 1931இல் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. ஒரு விஞ்ஞானி செய்து உயிர்கொடுத்த பூதம் (நடித்தவர் போரிஸ் கார்லாஃப்) ஏரிக்கரையில் சிறுமி மரியாவோடு பூக்களைத் தண்ணீரில் எறிந்து விளையாடும். பூ மிதக்கும். கையிலிருந்த பூ தீர்ந்ததும், இவளும் மிதப்பாள் என்று அவளையே தூக்கிப் போட்டுவிடும். மூழ்கிப்போவாள். பூதம் பதறித் தடுமாறி ஓடும். படத்தின் உயிரே அந்த இடம்தான்.

இரண்டாவது வரிசையில் இருந்தவளின் தம்பி, முந்தைய ஐப்பசியில் ஊருணியில் போனவன். செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊர் ஏது? மழை விட்ட மறுநாள், மேல்படி வரை தண்ணீர். படத்தைத் தேர்ந்தெடுத்தபோது இது எனக்கு நினைவில்லை. பூ மிதந்தபோதுதான் உறைத்தது. பூதம் கையை நீட்டியதும் தட்டிவிட்டேன்.

அமெரிக்காவில் 1934இல் தணிக்கை இறுகியது. அதன்பின் வந்த மறுவெளியீட்டில் அவர்களும் சரியாக அங்கேதான் வெட்டினார்கள்: பூதம் கை நீட்டுகிறது, பிறகு மகளின் உடலை ஏந்தியபடி தகப்பன் ஊருக்குள் நடந்து வருகிறான். நடுவில் நடந்ததைப் பார்ப்பவர்கள் தாமே இட்டு நிரப்பினார்கள். வெட்டியதைவிட அது அசிங்கமாக இருந்தது. அந்தத் துண்டு திரும்பச் சேர்ந்தது 1980களில். கடவுளாக இருப்பது எப்படியென்று இப்போது தெரிகிறது என விஞ்ஞானி கத்தும் வசனத்தையும் இடியோசை போட்டு மூடியிருந்தார்கள். இதையெல்லாம் படத்துக்கு முன்பு பிள்ளைகளிடம் கேலியாகச் சொன்னவன் நானேதான்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தாள்.

“சார், அந்தப் பாப்பாவைத் தண்ணீரில்தானே போட்டது?”

“பழைய படம், ஆத்தா. அந்த இடத்தில் கொஞ்சம் இல்லை.”

“வேண்டுமென்றே போட்டதா?”

“இல்லை. விளையாட்டுக்கு.”

“நீங்கள் பார்த்தீர்களா?”

நாற்காலியை எண்ணுவதுபோல் நின்றேன். பதினான்கு. மறுபடி எண்ணினேன், பதினான்கு.

அவளை நோகடிக்கக் கூடாதென்றுதான் தட்டினேன், அதில் தவறென்ன? அவளுடைய வீட்டிலிருந்து யாராவது வந்து நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? ஆனால் பதறியது அவளில்லையே. அவள் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவளிடமும் எல்லாரும் ஆறு முறை தட்டியிருப்பார்கள் என்று தோன்றுகிறது. அல்லது இதுவும் நானாக இட்டு நிரப்பிக்கொண்டதோ என்னவோ. திரும்பக் கூப்பிட்டு அந்த ஒரு நிமிடத்தைப் போட்டுக் காட்டியிருக்கலாம். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. இன்றும் இல்லை.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு முழுதாகப் போட்டேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் பக்கத்துக் கட்டடத்தில் பத்தாம் வகுப்பில் இருந்தாள்.