மெரூன்ஸ் அணியின் கடைசிப் பருவம், 1939

செப்டம்பர் 30
சிகாகோ பல்கலைக்கழகத்தின் மெரூன்ஸ் அணி 1939இல் ஆடிய எட்டு ஆட்டங்களையும் அந்தந்தத் தேதியிலேயே பார்த்து வரலாம். முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து இது. முதல் நாளே பெலாய்ட் கல்லூரியிடம் 0–6 தோல்வி. பெலாய்ட் விஸ்கான்சின் மாநிலத்துச் சிறிய கல்லூரி. மெரூன்ஸோ பிக் டென் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் பட்டத்தை ஏழு முறை வென்ற அணி. கடைசிப் பட்டம் 1924. ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை முதன்முதலில் (1935) வாங்கிய ஜே பெர்வாங்கர் இங்கே ஆடியவர்தான். நான்கே ஆண்டில் இந்தச் சரிவு.

அக்டோபர் 7
வாபாஷ் கல்லூரியை 12–2 என வென்றார்கள். அந்த 2 எப்படி வரும்? பந்தை வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோட்டுக்குப் பின்னாலேயே மடக்கிவிட்டால் எதிரணிக்கு 2 புள்ளி. பெயர் சேஃப்டி. 1905இல் 56 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த மிச்சிகனைச் சிகாகோ வீழ்த்தியதும் ஒரே ஒரு சேஃப்டியால், 2–0.

அக்டோபர் 14
ஹார்வர்ட், 0–61.

அக்டோபர் 21
மிச்சிகன், 0–85. பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டும் டச்டவுனுக்கு 6, அதன்பின் உதைக்கு 1. எல்லாமே ஏழு ஏழாக வந்தாலும் 12 முறை போதாது. 60 நிமிட ஆட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோடு உடைகிறது என்று அர்த்தம்.

எண்ணிக்கை இவ்வளவு பெருகக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. டவுன் எனப்படும் நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். மூன்றில் நகர முடியாத அணி நான்காவதில் பந்தை உதைத்து எதிரணிக்கே தருகிறது. அதைப் பிடித்தவர் எதிர்த்து ஓடி வந்தால், அடுத்த தாக்குதல் தோற்கும் அணியின் கோட்டுக்கு அருகிலேயே தொடங்கும். தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொரு பேர். ஆட்டத்தை நான்காகப் பிரித்த ஒரு கால்பகுதியில் வெளியே போனவர் அதே கால்பகுதியில் திரும்ப வரக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே மாற்று ஆட்கள் நிறைய உள்ள அணிக்கே அனுகூலம்; ஆள் குறைந்த அணி மூச்சுவாங்கிக்கொண்டே தடுக்கும்.

மிச்சிகன் பயிற்சியாளர் ஃப்ரிட்ஸ் கிரிஸ்லர் சிகாகோவிலேயே ஆடி, அங்கே பயிற்சியாளராக இருந்த அலோன்ஸோ ஸ்டாக்கிடம் தொழில் கற்றவர் என்பது மனதை வலிக்கச் செய்கிறது. தாக்குதலுக்கு ஒரு குழு, தடுப்புக்கு வேறு குழு என்று 1945இல் பிரித்து ஆடவைத்தவரும் அவர்தான்.

நவம்பர் 4
வர்ஜீனியா, 0–47.

நவம்பர் 11
ஒஹாயோ ஸ்டேட், 0–61. பையன்களைக் குறை சொல்வது அநியாயம். விளையாட்டுக்காக மாணவரைத் தேடிச் சேர்ப்பதைப் பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் ஏற்கவில்லை. மற்ற இடங்களில் ஆட்டக்காரர்களுக்குத் தோதாக இருந்த உடற்கல்விப் பட்டப்படிப்பு இங்கே கிடையாது. கொள்கை நல்லதுதான். ஆனால் அந்தக் கொள்கையோடு ஆடவேண்டிய எதிரணிகள் இவை அல்ல.

நவம்பர் 18
ஓபர்லின் கல்லூரியை 25–0 என வென்றார்கள். பருவத்தின் இரண்டாவது வெற்றி, கடைசி வெற்றியும்.

நவம்பர் 25
இல்லினாய், 0–46. கணக்கைக் கூட்டினால்: எடுத்தது 37, கொடுத்தது 308. இதைப் பிரித்துப் பார்க்காமல் பேசுகிறவர்களே அதிகம். பெரிய அணிகளுடனான ஐந்து ஆட்டங்களில் கொடுத்தது 300, எடுத்தது சுழியம். பெலாய்ட், வாபாஷ், ஓபர்லின் மூன்றிடமும் சேர்த்துக் கொடுத்தது வெறும் 8. எடுத்த 37ம் அங்கேதான். சிறிய கல்லூரிகளோடு சரிக்குச் சரி நிற்கக்கூடிய அணி இது. கெடுத்தது அட்டவணை.

டிசம்பர் 21
கால்பந்தையே நிறுத்திவிடுவதாக நிர்வாகக் குழு இந்த நாளில் அறிவித்தது. எதிரணிகள் எட்டும் சிறிய கல்லூரிகளாக இருந்திருந்தாலே போதும் என்பது என் முடிவு.

பயிற்சியாளர் கிளார்க் ஷாக்னஸி ஸ்டான்ஃபோர்டுக்குப் போனார். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கை, பந்தை எடுத்துக் கொடுக்கும் சென்டருக்கு நேர் பின்னால் ஒட்டி நிறுத்தி, மற்ற மூவரை அவருக்குப் பின்னே வரிசையாக நிறுத்தும் டி அமைப்பை அங்கே கொண்டுவந்தார். பந்து எவர் கைக்குப் போகிறது என்று தடுப்பவர்களுக்குத் தெரியவே ஒரு கணம் பிடிக்கும். 1940 பருவத்தில் ஸ்டான்ஃபோர்டு பத்துக்குப் பத்து வென்றது, 1941 புத்தாண்டு நாளில் நடந்த ரோஸ் பௌல் ஆட்டம் உட்பட.

சிகாகோவில் 1969இல் மீண்டும் பல்கலைக்கழக அணி வந்தது. இப்போது ஆடுவது விளையாட்டு உதவித்தொகை தராத கல்லூரிகளின் மூன்றாம் பிரிவில். 2017 முதல் கால்பந்துக்கு மிட்வெஸ்ட் கூட்டமைப்பில் சேர்ந்திருக்கிறார்கள். பெலாய்ட் கல்லூரியும் அதில்தான் இருக்கிறது.