வரலாற்று வகுப்பில் கடைசி 12 நிமிடம்

போன வாரம் முடிவு வந்தது. ஆசிரியர் பயிற்சியின் கற்பித்தல் செய்முறைத் தேர்வில் தேறிவிட்டேன், இரண்டாவது முயற்சியில். முதல் தடவை எங்கே சறுக்கினேன் என்று எழுதிவைத்தால், அடுத்து வரலாற்றுப் பாடம் எடுத்துக் காட்டப் போகிறவர்களுக்கு உதவும். பாடக்குறிப்பு, ஊக்குவித்தல், வலுவூட்டல் எல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குள் போகவில்லை.

முதல் தடவை பிரெஞ்சுப் புரட்சி. 1789 மே 5 அன்று வெர்சாயில் கூடிய எஸ்டேட்ஸ் ஜெனரலை (பிரான்சின் மூன்று சமூகப் பிரிவுகளின் பிரதிநிதிகள் சபை; ஒவ்வொரு பிரிவும் ஒரு ‘எஸ்டேட்’) வகுப்பிலேயே நடத்தினேன். 40 பிள்ளைகள்: 10 பேர் குருமார், 10 பேர் பிரபுக்கள், 20 பேர் மூன்றாவது எஸ்டேட், அதாவது மற்ற எல்லா மக்களும். அங்கேயும் ஏறக்குறைய இதே கணக்குதான். முதல் இரண்டு எஸ்டேட்டுக்கும் தலா 300 பேர் போல, மூன்றாவதற்கு 600. ‘எல்லாரும் ஒரே மாதிரி வரி கட்ட வேண்டுமா?’ என்று வாக்கெடுப்பு வைத்தேன். எஸ்டேட்டுக்கு ஒரு வாக்கு என்றதும் முடிவு இரண்டுக்கு ஒன்று, மூன்றாவது எஸ்டேட் தோற்றது. ஒரே கூச்சல். ஒரு பையன் பெஞ்சு மேல் ஏறி, “நாங்க இருபது பேர் இருக்கோம், எங்களுக்கு ஒரே ஓட்டா?” என்று கத்தினான். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மணி அடித்துவிட்டது.

புறத் தேர்வாளர் எழுந்துபோய்க் கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தியிடம், “இன்னைக்கு என்னம்மா படிச்சீங்க?” என்று கேட்டார்.

“ஓட்டுப் போட்டோம் சார். நாங்க தோத்துட்டோம்.”

“ஏன் தோத்தீங்க?”

“தெரியல சார்.”

என் மதிப்பெண் அங்கேயே போனது. அன்றைக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தப் பையன் கத்தியதுதான் 1789-இன் சண்டையே: தலைக்கு ஒரு வாக்கா, எஸ்டேட்டுக்கு ஒரு வாக்கா? அவன் சொன்னதை அப்படியே கரும்பலகையில் எழுதியிருந்தால், ஜூன் 17 அன்று மூன்றாவது எஸ்டேட் ஏன் தன்னைத் தேசிய சபை என்று அறிவித்தது, மூன்று நாள் கழித்து டென்னிஸ் மைதானத்தில், அரசியலமைப்பு உருவாகும்வரை கலையமாட்டோம் என்று ஏன் உறுதிமொழி எடுத்தது என்பதைப் பிள்ளைகளே சொல்லியிருப்பார்கள். அதற்கு எனக்கு நேரம் மிச்சமில்லை.

ஆகவே நான் சொல்ல வந்தது முக்கியமாக இது ஒன்றுதான். 45 நிமிடத்தில் கடைசி 12 நிமிடத்தைச் செயல்பாட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஆட்டம் பாதியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, ‘ஏன் இப்படி ஆச்சு?’ என்று பேச வையுங்கள்.

இரண்டாம் தடவை, எரிமலை வெடித்துப் புதைந்துபோன ரோமானிய நகரமான பாம்பேயை எடுத்தேன். எனக்குச் சத்தம் ஒத்துவராது, அதனால் நாலு நாலு பேராகப் பிரித்து, குழுவுக்கு நாலு அட்டை கொடுத்தேன். கேள்வி ஒன்றுதான்: கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை எந்த மாதம் வெடித்தது? முதல் அட்டையில், வெடிப்பை நேரில் பார்த்த ரோமானியர் இளைய பிளினி சுமார் 25 ஆண்டுகள் கழித்து எழுதிய கடிதம். அதன் கையெழுத்துப் படிகளில் பரவலாக ஏற்கப்பட்ட தேதி ஆகஸ்ட் 24. அடுத்த இரண்டில், மாதுளை போன்ற இலையுதிர்காலப் பழங்களும், குளிர்காயும் கணப்புச் சட்டிகளும். நாலாவதில், 2018-இல் ஒரு சுவரில் கண்டெடுத்த கரி எழுத்து. அதில் உள்ள தேதி நம் கணக்கில் அக்டோபர் 17.

பெரும்பாலான குழுக்கள் அக்டோபர் பக்கம் சாய்ந்தபோது ஒரு பெண் கை தூக்கினாள். “டீச்சர், இந்தக் கரி எழுத்துல வருஷமே இல்லையே. முந்தின வருஷம் எழுதினதா இருந்தா?” வகுப்பு அமைதியானது. நான் விடை சொல்லவில்லை. மீதி நேரம் முழுக்க, எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம் என்று அவர்களே பேசினார்கள். இரண்டு குழுக்கள் கடைசிவரை ஆகஸ்டை விடவில்லை. இந்தத் தடவை தேர்வாளர் கேட்டபோது ஒரு பையன், “தேதி படிச்சோம்... இல்ல சார், தேதிய எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு படிச்சோம்” என்றான்.

அப்புறம் சில:

- கடைசியில் கேட்கப்போகும் கேள்வியை முதலில் எழுதுங்கள். செயல்பாட்டைப் பிறகு தேடுங்கள்.
- அட்டை நாலுக்கு மேல் வேண்டாம். ஒத்திகையில் ஆறு வைத்தேன், படிக்கவே நேரம் போனது.
- அடிமை வணிகம், இனப்படுகொலை போன்ற பாடங்களில் பிள்ளைகளுக்கு வேடம் கொடுக்காதீர்கள். அந்த வலியை நடித்துப் பார்ப்பது சரியல்ல. உயிர்தப்பியவர்களின் வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுங்கள், படித்தபின் கொஞ்ச நேரம் மௌனமாக விடுங்கள்.
- தயாரிக்க நேரமில்லையா? ஒரு கயிறு போதும். 10 ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். பெரிய பிரமிடிலிருந்து கிளியோபாட்ராவுக்கு இரண்டரை மீட்டர். அவளிடமிருந்து நிலவில் மனிதன் கால் வைத்த 1969-க்கு இரண்டே மீட்டர். முடிச்சுகளைப் பிள்ளைகளே போடட்டும், நீங்கள் அளந்து காட்ட வேண்டாம்.