பாட்டைத் தெரியும், பாடியவரைத் தெரியாது: ஒரு சோல் இசை நாட்குறிப்பு

7 ஜனவரி 2025, செவ்வாய்

ஜேம்ஸ் கார் மறைந்து இன்றோடு 24 ஆண்டுகள் ஆகின்றன. தேவாலயப் பாட்டிலிருந்தும் ரிதம் அண்ட் புளூஸிலிருந்தும் பிறந்த கறுப்பின மக்களின் இசையே சோல். அமெரிக்கத் தென்மாநிலங்களின் சோல் இசையில் நான் கேட்ட ஆண் குரல்களுள் இவருடைய குரலுக்கு இணையாக வைக்கத்தக்கவை மிகச் சில. ‘த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்’ என்ற பாட்டை அரீத்தா ஃபிராங்க்ளின், பெர்சி ஸ்லெட்ஜ், லிண்டா ரான்ஸ்டாட் எனப் பலரும் பாடியிருப்பதால், பாட்டு பலருக்கும் அறிமுகமானதுதான். அதை முதலில் பாடி, 1967இல் கறுப்பின இசைக்கான தரவரிசையான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் பத்தாம் இடம் வரை கொண்டுசென்றவர் கார் என்பதுதான் வெளியே அதிகம் தெரிவதில்லை.

ஊர் அறியாமல், தெருவின் இருண்ட முனையில் சந்தித்துக்கொள்ளும் இருவரைப் பற்றிய பாட்டு அது. மற்றவர்கள் பாடும்போது அதில் ஏக்கம் மேலோங்கி நிற்கிறது. கார் பாடும்போதோ, என்றாவது ஒருநாள் பிடிபட்டே தீருவோம் என்ற அச்சம் முதல் வரியிலேயே குரலுக்குள் குடிபுகுந்துவிடுகிறது. அவர் எங்கும் கத்துவதில்லை. அழுத்தம் கூடவேண்டிய இடத்தில் குரலைச் சற்றே பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார்.

மெம்ஃபிஸ் நகரின் கோல்ட்வாக்ஸ் என்ற சிறிய நிறுவனத்துக்காகத்தான் அவர் பாடினார். 1966இல் வெளியான ‘யூ ஹேவ் காட் மை மைண்ட் மெஸ்ட் அப்’ ஏழாம் இடம் பிடித்தது. வெற்றி வந்துகொண்டிருந்தபோதே மனநோய் அவரை வாட்டத் தொடங்கிவிட்டது. பிற்காலத்தில் மேடையேறுவதே பெரும்பாடாயிற்று. 2001இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 58.

11 ஜனவரி, சனி

இப்படிப்பட்டவர்கள் ஏன் மறக்கப்பட்டார்கள் என்று கேட்டால், ரசனை மாறிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. நான் அதை ஏற்பதில்லை. ரசனை மாறியிருந்தால் அந்தப் பாட்டுகளும் அல்லவா மறைந்திருக்க வேண்டும்? பாட்டுகள் நிலைத்திருக்கின்றன, பிறர் பாடுகிறார்கள், விளம்பரங்களிலும் ஒலிக்கின்றன. முதலில் பாடியவர்களும் வாசித்தவர்களும்தான் காணாமற்போனார்கள்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. ஓர் இசைத்தட்டில் இரண்டு உரிமைகள் அடங்கியுள்ளன. ஒன்று, வரியும் மெட்டும் எழுதியவருக்கு உரியது. மற்றொன்று, அந்த ஒலிப்பதிவுக்கு உரியது. அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் ஒரு காசும் போகாது. பெரும்பாலான நாடுகளில் நிலைமை அப்படியில்லை. ‘த டார்க் எண்ட் ஆஃப் த ஸ்ட்ரீட்’ பாட்டை எழுதியவர்கள் டான் பென், சிப்ஸ் மோமன் ஆகிய இருவர். அவர்களுக்குக் கிடைப்பது நியாயமான பணமே. ஆனால் அதே பாட்டு காரின் குரலில் எத்தனை ஆயிரம் முறை அமெரிக்க வானொலியில் ஒலித்திருந்தாலும், ஒலிபரப்புக்காக அவர் பெற்றது ஒன்றுமில்லை.

இதைவிடக் கொடிய இடைவெளி வேறொன்றும் இருந்தது. 1972 பிப்ரவரி 15க்கு முன் பதிவான ஒலிப்பதிவுகளுக்கு அந்நாட்டுக் கூட்டாட்சிக் காப்புரிமைச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. சோல் இசையின் பொற்காலம் ஏறத்தாழ முழுவதும் அந்தத் தேதிக்கு முன்னால் வந்துவிடுகிறது. 2018இல்தான் இந்தக் குறை ஓரளவு சரிசெய்யப்பட்டது. அதற்குள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டனர்.

19 ஜனவரி, ஞாயிறு

இன்று பகல் முழுவதும் சோல் பாடகர் ஹோவர்ட் டேட்டின் பாட்டுகள். ராக் பாடகி ஜேனிஸ் ஜோப்ளின் மறைந்தபின் 1971இல் வெளியான ‘பேர்ல்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ‘கெட் இட் வைல் யூ கேன்’. ராக் இசை கேட்பவர்களில் அதை அறியாதவர் குறைவு. ஜோப்ளின் அதைத் தன் உயிரைக் கொடுத்துத்தான் பாடியிருக்கிறார். அவரைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் சில ஆண்டுகளுக்கு முன்பே டேட் பாடிய முதல் பதிவைக் கேட்டால், ஜோப்ளின் எங்கிருந்து கற்றார் என்பது விளங்கிவிடும். நடுத்தரமான சுருதியில் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பது போலச் செல்லும் குரல், ஒரு சொல்லின் நடுவிலேயே, மூச்சு வாங்காமல், மேல் ஸ்தாயிக்குத் தாவி, அங்கே ஒரு கணம் நின்று, எவ்விதச் சிரமமும் தெரியாமல் கீழே இறங்கி அதே சொல்லை முடிக்கிறது. தேவாலயப் பாட்டில் சிறுவயது முதல் பழகிய தொண்டைக்கே கைவரும் வித்தை அது.

ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்து ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தவர் டேட். இசையமைப்பாளரும் தயாரிப்பாளருமான ஜெர்ரி ரகவாயுடன் சேர்ந்து, 1966இல் ‘எய்ண்ட் நோபடி ஹோம்’ பாட்டின் மூலம் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் பன்னிரண்டாம் இடம் பிடித்தார். அடுத்தடுத்து மேலும் சில வெற்றிகள் வந்தன. பி. பி. கிங் அவருடைய பாட்டை எடுத்துப் பாடினார். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மற்றொன்றை மேடையில் வாசித்தார். இத்தனைக்கும் பிறகு எழுபதுகளில் அவர் இசையை விட்டே விலகிவிட்டார். காப்பீடு விற்றுக் குடும்பம் நடத்தினார். வீட்டில் ஏற்பட்ட தீயில் மகளைப் பறிகொடுத்தார். மணவாழ்க்கை முறிந்தது, போதைக்கு அடிமையானார், தெருவில் படுத்துறங்கிய காலமும் உண்டு. தொண்ணூறுகளில் அதிலிருந்து மீண்டு நியூ ஜெர்சியில் போதகராக ஊழியம் செய்துவந்தார்.

அவர் இறந்துவிட்டார் என்றே இசையுலகில் பலர் நினைத்திருந்தனர். நியூ ஜெர்சி வானொலி அறிவிப்பாளர் ஒருவர் விடாமல் அவரைத் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பழைய பாடகர் ஒருவர் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அவரைத் தற்செயலாகச் சந்தித்ததால்தான் அவர் உயிரோடிருப்பது வெளியே தெரிந்தது. இத்தனை ஆண்டுகளில் இந்தக் குரலால் லாபம் பார்த்த நிறுவனங்களில் ஒன்றுகூட அவரைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லையே என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

20 ஜனவரி, திங்கள்

நேற்று எழுத விட்டுப்போனது. டேட் மீண்டும் ரகவாயுடன் சேர்ந்து 2003இல் ‘ரீடிஸ்கவர்ட்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அதன் இறுதியில் ‘கெட் இட் வைல் யூ கேன்’ மறுபடியும் வருகிறது. இம்முறை டேட்டின் குரலும் ரகவாயின் பியானோவும் மட்டும். அறுபதைக் கடந்தவரின் குரலில் அந்தத் தாவல் இன்னும் அப்படியே இருக்கிறது. இருவரும் 2011இல், சில மாத இடைவெளியில் காலமானார்கள்.

27 ஜனவரி, திங்கள்

ஆன் பீபிள்ஸைப் பற்றி எழுதாமல் மெம்ஃபிஸை விட்டு நகர முடியாது. செயிண்ட் லூயிஸில், தந்தை நடத்திய தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்த இவர், மெம்ஃபிஸுக்கு வந்த இடத்தில் ஒரு கிளப்பில் பாட நேர்ந்து, அதன் வழியே ஹை ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் வில்லி மிச்செலிடம் வந்து சேர்ந்தார். மிச்செலின் ராயல் ஸ்டூடியோ ஒருகாலத்தில் சினிமாக் கொட்டகையாக இருந்தது. இருக்கைகளை எடுத்துவிட்டார்களே தவிர, திரையை நோக்கிச் சரியும் தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சரிந்த கூடத்தில்தான் ஆல் கிரீனின் புகழ்பெற்ற பாட்டுகளும் பதிவாயின. ஒரே நிறுவனம், ஒரே ஸ்டூடியோ, ஏறத்தாழ அதே வாத்தியக்காரர்கள். கிரீனை உலகம் அறியும். பீபிள்ஸை அறிந்தவர் சிலரே.

1973இல் ஒரு மழை இரவு. நண்பர்களோடு கச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பீபிள்ஸ், இந்த மழையைத் தன்னால் பொறுக்க முடியவில்லை என்று சலித்துக்கொண்டார். கூட இருந்த பாடலாசிரியர் டான் பிரயண்ட் அந்தச் சலிப்பையே முதல் வரியாக வைத்துக்கொண்டு பியானோவில் உட்கார்ந்துவிட்டார். அன்றிரவே ‘ஐ காண்ட் ஸ்டாண்ட் த ரெய்ன்’ உருவாயிற்று. அடுத்த ஆண்டு இருவரும் மணந்துகொண்டனர்.

பாட்டின் தொடக்கத்தை ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். டிம்பாலே என்ற மின்சாரத் தாளவாத்தியத்தில் எழுப்பிய சொட்டுச் சொட்டான ஒலி தனியாக வருகிறது. அதன்மேல் பீபிள்ஸின் குரல், உரத்து எழாமல், ஜன்னலோடு பேசுவதுபோல நுழைகிறது. மற்ற வாத்தியங்கள் சேர்ந்த பிறகும் யாரும் முந்திக்கொள்வதில்லை. ஹை நிறுவனத்துப் பதிவுகளில் பலவற்றுக்கு டிரம் வாசித்த ஹோவர்ட் கிரைம்ஸின் தாளமே இப்படித்தான்: தாமதமோ என்று ஐயப்படும் அளவுக்குப் பின்னால் சாய்ந்து, ஆனால் ஒருபோதும் தவறாமல் வந்து விழும். இந்த நிதானத்தால்தான் பாட்டின் தனிமை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கேட்பவரைப் பிடித்து நிறுத்துகிறது.

ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் ஆறாம் இடம், பொதுப் பட்டியலில் 38. ஜான் லென்னன் அதை மனம்திறந்து புகழ்ந்தார். 1984இல் டீனா டர்னர் பாடினார். 1997இல் ராப் பாடகி மிஸ்ஸி எலியட் தம் முதல் தனி சிங்கிளில் (தனிப்பாட்டாக வெளியிடும் தட்டில்) பீபிள்ஸின் குரலையே எடுத்துப் பயன்படுத்தினார். பாட்டை எழுதிய மூவருள் பீபிள்ஸும் ஒருவர் என்பதால், காருக்கும் டேட்டுக்கும் கிடைக்காத பாதுகாப்பு அவருக்கு இருந்தது. புகழ் மட்டும் பாட்டைத் தொடர்ந்து வரவில்லை. டிஸ்கோ அலை வந்தது. 1977இல் ஹை நிறுவனம் கைமாறியது. அவர் குடும்பத்தோடு ஒதுங்கினார். 2012இல் பக்கவாதம் தாக்கியபின் பாடுவதை முற்றிலும் நிறுத்திக்கொண்டார். கிரைம்ஸோ, நிறுவனம் நொடித்தபின் வீடின்றித் திண்டாடியவர். முதுமையில் மீண்டும் டிரம்முக்குத் திரும்பி, 2022இல் மறைந்தார்.

6 பிப்ரவரி, வியாழன்

சில் ஜான்சனின் நினைவு நாள். 2022இல் அவர் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்புதான் அவருடைய அண்ணனும் புளூஸ் கிட்டார் கலைஞருமான ஜிம்மி ஜான்சன் காலமாகியிருந்தார்.

மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வேரூன்றிய சில் ஜான்சன் தமக்காகத் தாமே வாதாடியவர். 1969இல் ‘இஸ் இட் பிகாஸ் ஐ’ம் பிளாக்’ என்று கேட்டு ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் பாட்டைப் பதிவுசெய்தார். நிறவெறியைப் பற்றி இவ்வளவு தாழ்ந்த குரலில், இவ்வளவு களைப்போடு, இவ்வளவு நேரடியாகப் பேசிய பாட்டு அந்நாள்களில் அரிது. மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வெளிவருவதற்கு முந்தியது இது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1975இல் ‘டேக் மீ டு த ரிவர்’ பாட்டை ஏழாம் இடத்துக்குக் கொண்டுசென்றவரும் இவரே. அதை எழுதியோருள் ஒருவரான ஆல் கிரீன் அதைச் சிங்கிளாக வெளியிட்டிருக்கவில்லை. இன்று அந்தப் பாட்டைச் சொன்னால் அதைப் பின்னர் பாடிய டாக்கிங் ஹெட்ஸ் குழுவையே பலரும் நினைக்கிறார்கள். எண்பதுகளில் ஜான்சன் மீன் உணவகங்கள் நடத்திப் பிழைத்தார்.

ஹிப் ஹாப் கலைஞர்கள் தம் பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை எடுத்துப் பயன்படுத்துவதை அறிந்ததும் அவர் வழக்கறிஞர்களை அமர்த்தினார். சில வழக்குகளில் உடன்பாடு காணப்பட்டது. 2011இல் கான்யே வெஸ்ட், ஜே-ஸி ஆகியோர்மீது தொடுத்ததும் அவ்வாறே முடிந்தது. ஆனால் சைப்ரஸ் ஹில் குழுவுக்கு எதிரான வழக்கு அதே ஆண்டு மேல்முறையீட்டிலும் தோற்றது. ஒலிப்பதிவு 1972க்கு முந்தியது என்பதால் கூட்டாட்சிக் காப்புரிமை பொருந்தாது என்பதுதான் காரணம். கேட்டவர் யாரும் அது அவருடைய பாட்டு இல்லையென்று சொல்லவில்லை.

18 பிப்ரவரி, செவ்வாய்

டிரம் கலைஞர் கிளைட் ஸ்டபில்ஃபீல்ட் 2017இல் இதே நாளில் மேடிசன் நகரில் இறந்தார். 1969 நவம்பரில், சின்சினாட்டியின் கிங் ஸ்டூடியோவில், ஜேம்ஸ் பிரௌனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பதிவின்போது மற்ற வாத்தியங்களை நிறுத்திவிட்டு அவரை மட்டும் தனியே வாசிக்கவிட்டார்கள். எட்டே தாளவட்டங்கள். ஸ்னேர் டிரம்மில் உரத்து விழும் அடிகளைவிட, அவற்றுக்கிடையே குச்சி தோலைத் தொட்டும் தொடாமலும் போகும் மெல்லிய அடிகளைக் கவனிக்க வேண்டும். தாளம் நடையிடுவது அவற்றால்தான். ஹிப் ஹாப் குழுவான பப்ளிக் எனிமி தொடங்கி எண்ணற்ற குழுக்கள் அந்தத் துண்டை எடுத்துப் பயன்படுத்தின. பாட்டை எழுதியவராகப் பதிவானது பிரௌனின் பெயர் மட்டுமே. இப்படித் துண்டு எடுப்பதற்கான பணம் ஸ்டபில்ஃபீல்டுக்கு வரவில்லை. அவருடைய புற்றுநோய் சிகிச்சைச் செலவை இசைக்கலைஞர் பிரின்ஸ் சத்தமில்லாமல் செலுத்தினார். கலைஞர் ஒருவரின் கடனைச் சக கலைஞர் ஒருவர் தீர்த்தார். சம்பாதித்த தொழில் தீர்க்கவில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் அளித்தது. அதுவும் அவர் இறந்தபின்.

கிரெகரி கோல்மனுக்கு அந்த அளவும் கிடைக்கவில்லை. வாஷிங்டனைச் சேர்ந்த த வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் ‘கலர் ஹிம் ஃபாதர்’ பாட்டால் பொதுப் பட்டியலில் ஏழாம் இடம் பிடித்தது. அந்தப் பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. அந்தத் தட்டின் மறுபக்கத்தை நிரப்பிய ‘ஆமென், பிரதர்’ பாட்டில் கோல்மன் தனியாக வாசித்த ஏழு வினாடிதான், பின்னாளில் இங்கிலாந்தில் பிறந்த ஜங்கிள் என்ற வேகமான நடன இசை முழுவதையும் தாங்கிநின்றது. 2015இல் ரசிகர்கள் 24,000 பவுண்டு திரட்டிக் குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் ஒப்படைத்தார்கள். கோல்மனோ அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, அட்லாண்டாவில், வீடற்றவராக இறந்துவிட்டார்.

வானொலி ஒலிபரப்புக்கு இசைக்கலைஞர்களுக்கும் பணம் தரவேண்டும் என்ற சட்ட வரைவு 2021இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டது. இன்றுவரை அது நிறைவேறவில்லை. நிறைவேறினாலும் கோல்மனுக்கும் காருக்கும் டேட்டுக்கும் பயனில்லை. ஆன் பீபிள்ஸ் இன்னும் இருக்கிறார், அவரைப் போன்ற பலரும் இருக்கிறார்கள், அவர்கள் இருக்கும்போதே அது நிறைவேற வேண்டும்.